வால்வு ரேடியோவை இணைய ஏலத்தில் எடுப்பது: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

1930களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை வந்த வால்வு ரேடியோக்களைப் பற்றியது இந்தப் பக்கம். வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முன் ரேடியோவை இயக்கிய கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர்களுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. ஏலம் என்றால் பெரும்பாலும் ஈபே. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி விற்பனையாளர்களிடம் இந்தியாவிலிருந்து ஏலம் கேட்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கும் மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதால் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. பழுதான ரேடியோவைச் சரிசெய்துவிடலாம். பாகம் தொலைந்த ரேடியோவை முழுமையாக்குவது அரிது. அதனால் பாடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ரேடியோவாக எதைத் தேடலாம்?

1950களில் வந்த ஐரோப்பிய மேஜை ரேடியோ. ஏசி மின்சாரத்தில் மட்டும் ஓடுவது, உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் (வீட்டு மின்சாரத்தை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) உள்ளது, ஐந்து அல்லது ஆறு வால்வு. பிலிப்ஸ், டெலிஃபுங்கன், கிருண்டிக், சாபா, மர்பி, புஷ் என்று பெயர் எதுவானாலும் சரி. வால்வு வரிசை இசிஹெச்81, இஎஃப்89, இஏபிசி80, இஎல்84, இஇசட்80 என்ற மாதிரி இருந்தால் மிகவும் நல்லது. இவை லட்சக்கணக்கில் தயாரானவை, இன்றும் கிடைப்பவை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளும் பழைய கடைகளில் அவ்வப்போது கண்ணில் படும்.

முதல் முறையே எடுக்கக் கூடாதவையும் உண்டு. பேட்டரியில் மட்டும் ஓடிய கிராமத்து செட்டுகளுக்கு 90 வோல்ட் பேட்டரியை இன்று நாம்தான் செய்துகொள்ள வேண்டும். பழைய கார் ரேடியோவில் கார் பேட்டரியின் வோல்ட்டேஜை உயர்த்த உதவும் வைப்ரேட்டர் என்ற அதிரும் பாகம் தனித் தலைவலி. தரையில் நிற்கும் பெரிய அலமாரி ரேடியோ அழகானது. ஆனால் கடல் கடந்து வரவழைக்க அதன் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். ஜெனித் டிரான்ஸ் ஓஷியானிக் எல்லோருக்கும் ஆசை காட்டும். அதன் வால்வு மாடல்கள் பலவற்றில் 1எல்6 என்ற சின்ன வால்வு இருக்கிறது. அது அரிது, விலையும் அதிகம். விற்பனையாளர்களில் சிலர் அதை மட்டும் கழற்றித் தனியாக விற்றுவிட்டு ரேடியோவை ஏலத்துக்கு விடுவதுண்டு. அந்தச் சாக்கெட்டின் படத்தைப் பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

ஏசி/டிசி செட் ஆபத்து என்கிறார்களே, ஏன்?

ஏசி, டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும் செட் இது. விலை மலிவாகக் கிடைக்கும் அமெரிக்கச் சிறு ரேடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகை. அவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஐந்து வால்வுகளின் ஹீட்டர்களையும் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து நேராக மின்சாரத்தில் கோத்திருப்பார்கள். 12பிஇ6, 12பிஏ6, 12ஏடி6, 50சி5, 35டபிள்யூ4 என்பது போருக்குப் பிந்தைய வழக்கமான வரிசை. பெயரின் முதல் எண்தான் ஹீட்டர் வோல்ட்டேஜ். கூட்டினால் ஏறக்குறைய 121 வரும். அமெரிக்க மின்சாரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அதோடு வால்வு போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. மின்கம்பியின் ஒரு முனை உலோகச் சேசிஸோடு (பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் உள்தட்டு) நேரடியாகவோ ஒரு கண்டன்சர் வழியாகவோ சேர்ந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து சேசிஸில் முழு மின்சாரம் இருக்கும். குமிழ் கழன்ற தண்டையோ பின்பலகையின் திருகையோ தொட்டால் ஷாக் அடிக்கும். கடையில் வாங்கும் 230/110 ஸ்டெப் டவுன் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அது வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர உங்களை மின்சாரத்திலிருந்து பிரிக்காது. இந்த வகை செட்டைப் பழுதுபார்க்க இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும்.

ஐரோப்பாவிலும் இந்த வகை உண்டு. வால்வுப் பெயர் யூ என்று தொடங்கினால் (யூசிஹெச்42, யூஎல்41, யூஒய்41) அது ஏசி/டிசி செட். இ என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உள்ளது. படத்தில் வால்வுப் பெயரைப் படித்தே முடிவெடுக்கலாம்.

இன்னொன்று: 1930களின் சில செட்டுகளில் மின்கம்பிக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் கம்பி ஓடும். கம்பி சூடாவது அதன் இயல்பு. விவரம் தெரியாமல் யாராவது அதை வெட்டிச் சாதாரண வயர் போட்டிருந்தால், மீதி வோல்ட்டேஜ் முழுவதும் வால்வுகள் மேல் விழும்.

"வேலை செய்கிறது" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ரேடியோவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் பரணிலிருந்து இறக்கி, செருகி, விளக்கு எரிந்ததும் அந்தச் சொல்லைப் போட்டிருக்கலாம். "பவர் வருகிறது" என்றால் டயல் பல்பு எரிகிறது என்றுதான் பொருள். "ஹம் கேட்கிறது" என்றால் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது. "சோதிக்கவில்லை" என்பதைப் பெரும்பாலும் "ஓடவில்லை" என்றே படித்து அதற்கேற்ற விலையைக் கேளுங்கள்.

70 வயதான மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் உள்ள செட் இன்று பாடினாலும் நாளைக்கு எரியலாம். அவுட்புட் வால்வின் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு) கிரிட்டுக்கு, அதாவது ஒலி உள்ளே நுழையும் முனைக்கு, போகும் இணைப்புக் கண்டன்சர் கசியத் தொடங்கினால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். சில ரூபாய்க் கண்டன்சரை மாற்றாததற்கு இவ்வளவு பெரிய விலை. ஆகவே "நன்றாகப் பாடுகிறது" என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. "கண்டன்சர்கள் அனைத்தும் மாற்றப்பட்டன" என்று சொல்லி சேசிஸின் அடிப்பக்கப் படமும் காட்டினால், அதற்குத் தரலாம்.

விற்பனையாளரிடம் என்னென்ன படம் கேட்க வேண்டும்?

முன்பக்கத்தை எல்லோரும் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது பின்பலகையைக் கழற்றிய படம். அதில் எல்லாச் சாக்கெட்டிலும் வால்வு இருக்கிறதா என்று எண்ணுங்கள். வால்வுக் கண்ணாடியின் உள்ளே வெள்ளி போல மினுங்கும் பூச்சு ஒன்று இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்தது. டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தாரோ மெழுகோ உருகி வழிந்திருக்கிறதா, எலி கூடு கட்டிய தடயம் உண்டா, ஸ்பீக்கர் கூம்பு கிழிந்திருக்கிறதா என்பதும் இதே படத்தில் தெரியும். எலிச் சிறுநீர் பட்ட சேசிஸ் துருப்பிடித்து வெள்ளை பூத்திருக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது டயல் கண்ணாடி. சாய்வான வெளிச்சத்தில் நெருக்கமாக ஒரு படம் கேளுங்கள். நிலையப் பெயர்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். முன்பு யாரோ ஈரத்துணியால் துடைத்து பாதி எழுத்தை அழித்திருப்பது சாதாரணமாகக் காணும் சேதம். நேரெதிரே எடுத்த படத்தில் அது தெரியாது.

பெட்டியின் அடிப்பக்கம், நான்கு மூலைகள், குமிழ்கள் நான்கும் ஒரே மாதிரியா, பின்பலகை இருக்கிறதா. இவற்றுக்கும் படம் வேண்டும். கேட்டுப் படம் அனுப்பாதவரிடம் ஏலம் கேட்க வேண்டாம்.

எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது?

கண்டன்சர், ரெசிஸ்டர், மின்கம்பி, டயல் நூல், சாதாரண வால்வுகள், கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோல்: இவை எல்லாம் கைக்கு எட்டியவை. சென்னை ரிச்சி தெருவில் 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சரும் 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கும் கிடைக்கும். பழைய 8 மைக்ரோஃபாரட் இடத்தில் 10, 16 இடத்தில் 22 போட்டால் போதும். மின்கம்பிக்குக் குறுக்கே வரும் கண்டன்சருக்கு மட்டும் எக்ஸ்2 என்று குறித்த பாதுகாப்பு வகையே போட வேண்டும்.

எரிந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றலாம். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும் அப்படியே. ஆனால் நல்ல கைகாரர் வேண்டும், செலவும் ஆகும்.

உடைந்த டயல் கண்ணாடி, தொலைந்த குமிழ், விரிசல் விட்ட பேக்லைட் (அந்தக் காலத்துக் கடினமான பிளாஸ்டிக்) பெட்டி, காணாமல் போன பெயர்ப் பட்டை இவைதான் உண்மையான இழப்பு. இதே மாடல் இன்னொன்று கெட்டுப்போய் விலைக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும், மேஜிக் ஐ என்று சொல்லும் பச்சைக் கண் (இஎம்34, இஎம்80, 6இ5) ஒளிர்ந்தாலும் மங்கித்தான் போயிருக்கும். மாற்ற விலை அதிகம். அது இல்லாமலும் ரேடியோ பாடும் என்பதால் அதற்காக ஏலத்தைக் கைவிட வேண்டியதில்லை.

விலை இவ்வளவுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது பட்டியலில் இருக்கும் விலைகளைப் பார்க்கவே வேண்டாம். அவை ஆசை விலைகள். ஈபே தேடலில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டால் ஏறக்குறைய கடந்த 90 நாள்களில் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். அதே மாடல் எண்ணைத் தேடுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் போட்டால் பத்து விதமான செட்டுகள் கலந்து வந்து குழப்பும். ஐந்தாறு விற்பனைகளையாவது பார்த்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். மாடல் எண் பின்பலகையிலோ சேசிஸில் ஒட்டிய தாளிலோ இருக்கும். அது தெரிந்தால் ரேடியோமியூசியம் போன்ற இணையத் தொகுப்புகளில் வால்வு வரிசையும் வெளியான ஆண்டும் கிடைத்துவிடும்.

நான் எவ்வளவு வரை கேட்கலாம்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். இந்த ரேடியோ வீட்டு மேஜையில் பாடிக்கொண்டிருக்க மொத்தம் 250 டாலர் செலவழிக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவு 90. சுங்கத்துக்கு ஒதுக்குவது 55. கண்டன்சர், வயர், ஒரு வால்வு 20. மீதி 85. உங்கள் உச்சவரம்பு அவ்வளவுதான். ஏலம் தொடங்குவதற்கு முன்பே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் "இன்னும் பத்து டாலர்தானே" என்று தோன்றும். அந்தப் பத்து டாலருக்கும் சுங்கம் உண்டு.

ஈபே தானாகவே விலையை ஏற்றுகிறதே, எப்படி?

ஊரில் ஏலக்காரர் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று கூவுவார். மூன்றாம் தரத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். இங்கே மூன்றாம் தரம் என்பது கடிகாரம். குறித்த நொடியில் முடிந்துவிடும், நீளாது.

நீங்கள் தருவது உங்கள் உச்சத் தொகை. அதை ஈபே யாரிடமும் காட்டாது. உங்களுக்கு அடுத்தவரை முந்தத் தேவையான அளவுக்கு மட்டும் உங்கள் சார்பில் ஏற்றிக்கொண்டு போகும். அமெரிக்க ஈபேயில் 25 முதல் 99.99 டாலர் வரை ஒவ்வொரு படியும் 1 டாலர். 100 முதல் 249.99 வரை 2.50.

இன்னொருவர் 60 வரை கேட்டிருக்கிறார், நீங்கள் 84.60 கொடுக்கிறீர்கள். திரையில் 61 என்று காட்டும், நீங்கள் முன்னிலையில். மூன்றாமவர் வந்து 84 கொடுத்தால் விலை 84.60க்கு ஏறி நீங்களே நிற்பீர்கள். அவர் 90 கொடுத்திருந்தால் 85.60க்கு அவருக்குப் போகும். அந்த 60 சென்ட் எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். பலரும் 80, 85 என்று முழு எண்ணாகவே போடுவார்கள். இருவர் ஒரே தொகையைக் கொடுத்தால் முதலில் கொடுத்தவருக்கே கிடைக்கும்.

சில பட்டியல்களில் "ரிசர்வ் விலை எட்டவில்லை" என்று வரும். மறைவான அந்தக் குறைந்தபட்ச விலையைத் தொடாவிட்டால் நீங்கள் முன்னிலையில் இருந்தாலும் பொருள் உங்களுடையதல்ல.

கடைசி நொடியில் கேட்பது தவறா?

இல்லை. விதிகளுக்கு உட்பட்டதுதான். கடைசி 6 முதல் 10 நொடிக்குள் உங்கள் உச்சத் தொகையை ஒரே ஒரு முறை கொடுப்பது நல்ல பழக்கம். மூன்று நாள் முன்பே கேட்டால், அந்த ரேடியோவில் ஆர்வம் இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உங்கள் வரம்பைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நேரம்தான் சோதனை. பிரிட்டனில் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும் ஏலம் நமக்கு குளிர்காலத்தில் பின்னிரவு 1.30, கோடையில் 12.30. தூக்கம் முக்கியம் என்றால் உச்சத் தொகையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். வரம்பைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் அதனால் பெரிய இழப்பு இல்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அட்டையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்பதையும் முதல் நாளே வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

தவறுதலாக 85க்குப் பதில் 850 போட்டுவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

முடியும். தட்டச்சுப் பிழை ஏற்கப்படும் காரணம். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சிக்கலில்லை. அதற்குள் வந்துவிட்டால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெறலாம். மனம் மாறியது காரணமாகாது.

ஏல நிறுவனங்களின் நேரடி இணைய ஏலம் எப்படி?

சுத்தியல் விழுந்த விலையோடு முடிவதில்லை. வாங்குபவர் கட்டணம் என்று 20 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பது வழக்கம். அதன்மேல் வரியும், நீங்கள் ஏலம் கேட்ட தளத்துக்கான தனிக் கட்டணமும் வரலாம். அவர்களில் பலர் பேக் செய்து அனுப்பவும் மாட்டார்கள். விதிமுறைப் பக்கத்தை முழுவதும் படிக்காமல் பதிவு செய்யாதீர்கள். அரிய செட்டுகள் இங்கேதான் வரும் என்பது உண்மை. 1934இல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த எக்கோ ஏடி65 என்ற வட்ட ரேடியோ போன்றவை தேடுபவர்கள் இங்கே கண் வைக்கலாம். முதல் ஆண்டில் உங்களுக்கு இது தேவையில்லை.

அனுப்பும் செலவு ரேடியோவைவிட அதிகமாக இருக்கிறதே?

கூரியர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கிறது; எது அதிகமோ அதற்கே கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பன்னாட்டு கூரியரில் வழக்கமான கணக்கு. வெளிப்பெட்டி 60, 45, 40 என்றால் 21.6 கிலோ. உள்ளே இருக்கும் ரேடியோ 9 கிலோதான். விற்பனையாளர் சொல்லும் தொகையைக் கேட்டு அதிர்ச்சியடைவதற்கு முன் பெட்டியின் அளவைக் கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

செலவைக் குறைக்க அந்த நாட்டிலேயே ஒரு முகவரி தரும் மறுஅனுப்பு நிறுவனங்கள் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்து மீண்டும் அனுப்பப்பட்ட பொருளுக்கு ஈபேயின் பணம் திரும்பத் தரும் பாதுகாப்பு பொருந்தாது. உடைந்து வந்தால் நஷ்டம் முழுவதும் உங்களுடையது.

பேக்கிங்குக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

ஏலத்தில் வென்ற ரேடியோக்கள் சாவது பெரும்பாலும் வழியில்தான். காரணம் ஒன்றே: பெட்டி லேசு, சேசிஸ் கனம். பெட்டி கீழே விழும்போது டிரான்ஸ்பார்மரோடு சேசிஸ் முன்னே பாய்ந்து பேக்லைட்டை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு குமிழித்தாள் வெளியே சுற்றினாலும் இதைத் தடுக்க முடியாது.

பணம் கட்டும் முன்பே விற்பனையாளருக்கு இப்படி எழுதுங்கள். சேசிஸைப் பிடிக்கும் அடித் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்கவும். தளர்ந்த வால்வுகளைக் கழற்றி, எந்தச் சாக்கெட்டுடையது என்று எழுதி, தனித்தனியாகச் சுற்றவும். குமிழ்களைக் கழற்றிப் பையில் போட்டு உள்ளே ஒட்டவும். சேசிஸுக்கும் பெட்டிக்கும் இடையே மிருதுவான நுரையை நிரப்பவும். ஸ்பீக்கர் கூம்பின் மேல் எதுவும் அழுந்தக் கூடாது. ரேடியோவை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியில், ஆறு பக்கமும் 5 முதல் 7 சென்டிமீட்டர் நிரப்பி வைக்கவும். கூடுதல் அட்டைக்கும் நேரத்துக்கும் 10 டாலர் தருகிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் இதைவிட நல்ல முதலீடு இல்லை.

சுங்கத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

இந்தியாவில் வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் ஏலத்துக்கு முன் நடப்பு விகிதத்தைப் பாருங்கள். அதோடு, வெளிநாட்டு வணிகக் கொள்கையின்படி மூலதனப் பொருளல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகிறது. அனுமதி கேட்டு நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. விலை உயர்ந்த செட் என்றால் முதலில் சுங்க முகவர் ஒருவரிடம் கேட்பது நல்லது. "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லவோ விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லவோ வேண்டாம். அது சட்டவிரோதம், காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

வாங்கி வந்தால் இங்கே என்ன கேட்கும்?

மீடியம் வேவ் உலகெங்கும் ஒன்றுதான். சென்னையின் 720, திருச்சியின் 936, கோவையின் 999 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் எந்த நாட்டு டயலிலும் இருக்கும் இடங்கள். எல்இடி பல்புகள், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றின் இரைச்சல்தான் இன்று பெரிய எதிரி. லாங் வேவ் பட்டைக்கு இங்கே வேலையே இல்லை.

எஃப்எம் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1950களின் ஜெர்மன் செட்டுகள் பலவற்றின் டயல் 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சென்னையில் 93.5, 98.3 வரும், 101.4இல் உள்ள ரெயின்போ வராது. ஜப்பான் உள்நாட்டு செட் 76இலிருந்து 90 வரைதான். அமெரிக்காவில் போருக்கு முந்தைய எஃப்எம் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ்; இன்று அங்கே கேட்க எதுவும் இல்லை. டயல் படத்தில் எண்களைப் படித்துவிட்டே ஏலம் கேளுங்கள்.

பின்னால் கிராமபோன் செருகும் துளை இருந்தால் (ஜெர்மன் செட்டில் டிஏ என்று குறித்திருக்கும்) செல்போனிலிருந்து பழைய பாடல்களை அதன் வழியே கேட்கலாம். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டில் மட்டும். ஏசி/டிசி செட்டில் இதைச் செய்தால் உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்கே மின்சாரம் வரும்.

அமெரிக்க 117 வோல்ட் டிரான்ஸ்பார்மர் செட்டை இங்கே ஓட்டலாமா?

ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டலாம். ஆனால் அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டேஜ் கொடுத்தால் இரும்புக் கருவில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடி டிரான்ஸ்பார்மர் அதிகம் சூடாகும். 105 முதல் 110 வோல்ட்டே போதும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலி குறைவு. நகலை அசல் என்று சொல்வதே அதிகம். தேவாலய வளைவு வடிவில் "தாமஸ் கலெக்டர்ஸ் எடிஷன்" என்று வரும் செட்டில் 1930களின் ஆண்டு ஒன்று பொறித்திருக்கும். அது பல பத்தாண்டு கழித்து வந்த டிரான்சிஸ்டர் நகல். பக்கவாட்டில் கேசட் துளை, 88 முதல் 108 வரை எஃப்எம், பிளாஸ்டிக் பின்பலகை என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

கேட்டலின் என்ற பளபளப்பான வண்ணப் பிசினில் செய்த செட்டுகளில் (ஃபாடா புல்லட் மிகவும் புகழ்பெற்றது) பெரும் பணம் புழங்குகிறது. அவற்றில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலே விலை சரியும். படத்தில் அது தெரியாது. அனுபவம் வரும்வரை தள்ளி நில்லுங்கள். விற்பனையாளர்கள் எந்தப் பழைய பிளாஸ்டிக்கையும் பேக்லைட் என்றே எழுதுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய ரேடியோவில் "ரெட் மெர்குரி" இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சமூக ஊடகங்களில் பரவியது முழுப் பொய். எந்த வால்விலும் அப்படி ஒரு பொருள் இல்லை. அந்தப் பேச்சை நம்பி நல்ல செட்டுகளை உடைத்துப் போட்டது வருத்தத்துக்குரியது.

வயதைக் கணிக்க ஏதாவது அடையாளம்?

டயலில் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் இடங்களில் சிறு முக்கோணக் குறி இருந்தால் அது 1953க்கும் 1963க்கும் இடைப்பட்ட அமெரிக்க விற்பனைக்கான செட். போர்க்கால அவசர ஒலிபரப்புக்காக வைத்த குறி அது. எட்டு முள் ஆக்டல் வால்வு 1935இல் வந்தது. ஐரோப்பிய டயலில் 1950க்கு முன்னும் பின்னும் ஒரே நிலையம் வேறு இடத்தில் இருக்கும்; அந்த ஆண்டு மார்ச்சில் அலைவரிசைகளை மாற்றி ஒதுக்கினார்கள்.

நம் ஊர் மர்பி, பிலிப்ஸ், புஷ் செட்டுகள்?

இவை ஏலத் தளங்களைவிட உள்ளூர் விற்பனைப் பக்கங்களில்தான் அதிகம். 230 வோல்ட், சிற்றலைக்கு அகலமான இடம், அனுப்பும் செலவு இல்லை. தொடங்குபவருக்கு இவையே முதல் தெரிவாக இருக்கலாம். மரப்பெட்டியின் அடியைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் கரையான் உள்ளே வேலையை முடித்துவிட்டது. பழைய தபால் நிலைய ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். வாங்கிய காலத்துக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

டிரான்சிஸ்டர் ரேடியோ எளிதல்லவா?

அனுப்ப எளிது, ஷாக் பயமும் இல்லை. 1954இல் வந்த முதல் செட்டான ரீஜென்சி டிஆர்1 விலை ஏறிவிட்டது, அதற்கு 22.5 வோல்ட் பேட்டரி வேண்டும். பேட்டரி அறையின் படம் கேளுங்கள், பச்சைப் பொடி பூத்திருந்தால் அமிலம் பலகை வரை போயிருக்கும். 1960களின் பிலிப்ஸ், பிரிட்டிஷ் செட்டுகளில் ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையான டிரான்சிஸ்டர்கள் இருந்தால், உள்ளே மயிர்போல் வளரும் வெள்ளீய இழை உறையைத் தொட்டு ஷார்ட் ஆவது தெரிந்த நோய்.

பெட்டி வீடு வந்துவிட்டது. இப்போது?

செருகாதீர்கள். பெட்டியைத் திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சொன்னதற்கு மாறாக இருந்தால் ஈபேயில் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். அதுவரை எந்த பாகத்தையும் பற்றவைக்கவோ மாற்றவோ கூடாது. கைவைத்த பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பார்கள். மல்டிமீட்டரால் அளக்கலாம். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று சில பத்து ஓம் காட்ட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கம் சில நூறு ஓம். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. "வேலை செய்கிறது" என்று விற்றிருந்தால் முறையிட அது போதுமான காரணம்.

எல்லாம் சரியென்றால், கண்டன்சர்களை மாற்றிய பிறகு, 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் கோத்துச் சோதியுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. முதலில் ரெக்டிபையர் வால்வை (ஏசியை டிசியாக மாற்றுவது) கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். பல்பு லேசாகச் சிவந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். பிறகு ரெக்டிபையரைச் செருகிப் போட்டால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டுத் தணிய வேண்டும். தணியாமல் பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, பல்புதான் உங்கள் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.